பழைய ஜீப்பும் புதுப் பெட்ரோலும்

வெம்பக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். ஆறு ஏக்கர் மானாவாரி நிலமும், கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கரும் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் வீட்டு வேப்பமரத்தடியில் 1974-ஆம் வருஷத்து ஜீப் ஒன்று நிற்கிறது. பெட்ரோல் வண்டி. மேலே படுதா போட்டுக்கொள்ளலாம், கழற்றியும் விடலாம். முன் கண்ணாடியைச் சட்டத்தோடு மடித்து பானெட் மேல் படுக்க வைத்துவிட்டால் முழுத் திறந்த வண்டிதான். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்ததை 1988-ல் இவருடைய அப்பா எடுத்தார். அந்த வட்டாரத்தில் ஏழெட்டுப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போன வண்டி, பருத்தி மூட்டை ஏற்றிய வண்டி, இவருடைய கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு நடந்த வண்டி. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வண்டியை விற்கச் சொன்னவர்களிடமெல்லாம் இவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "அது எங்கய்யா உக்காந்த சீட்டு."

அந்த சீட்டுக்கு அடியில்தான் விஷயமே இருக்கிறது. இந்த வகை ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே இருக்கும். ஓட்டுகிறவர் பெட்ரோல் மேல் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும்.

அவருடைய மனைவி பட்டாசு ஆலையில் திரி செருகும் வேலைக்குப் போகிறவர். இருபது வருஷ அனுபவம். தோட்டத்துக்குப் போகும் வழியில்தான் ஆலை என்பதால், காலையில் அவரையும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரையும் ஜீப்பில் ஏற்றிப்போய் இறக்கிவிட்டுத் தோட்டத்துக்குப் போவது வழக்கம். போன ஆனி மாசம் ஒரு நாள், ஆலை வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்தபடி ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, அங்கேயே நிறுத்துங்க. இஞ்சினை அணைங்க. வண்டி சொட்டுது!"

இறங்கிப் பார்த்தால், வந்த தடம் முழுக்கப் புழுதியில் சொட்டுச் சொட்டாக ஈரம். பெட்ரோல். பின்னால் உட்கார்ந்து வந்த ஐந்து பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி நடந்தார்கள். மனைவி மட்டும் திரும்பிப் பார்த்து, "மூணு நாளா நாத்தம் அடிக்குதுன்னு சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிவகாசி வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனார்கள். காப்பாற்றப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. அந்தப் புகையைத் தூரத்திலிருந்து பார்த்த ஊர் இது. பட்டாசு ஆலைக்குள் பீடி, தீப்பெட்டி, செல்போன் எதையும் கொண்டுபோக முடியாது. மருந்து அறைக்குள் நுழையும்முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இத்தனை கட்டுப்பாடு உள்ள இடத்தின் வாசலில் சூடான இஞ்சினோடு பெட்ரோலைச் சொட்டிக்கொண்டு ஒரு வண்டி நின்றது என்றால் சும்மா விடுவார்களா? அன்று முதல் அந்தப் பெண்கள் ஜீப்பில் ஏறவில்லை. மனைவியும் ஏறவில்லை.

ஒட்டுப் போட்டே ஓட்டிய மூன்று வருஷம்

திடீரென்று வந்த கோளாறு இல்லை இது. மூன்று வருஷமாகவே வண்டி சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

முதலில், இஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஊறி, தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டியது. பக்கத்து டவுன் கடையில் இருந்த ஏதோ ஒரு ஹோஸை வாங்கி மாட்டினார். எட்டு மாசத்தில் அதுவும் வெடித்தது. அடுத்து கார்புரேட்டரில் கசிவு. கேஸ்கட்டைக் கழற்றி, கோந்து தடவித் திரும்ப மாட்டினார்கள். அப்புறம் சித்திரை வெயிலில் வண்டி நடுரோட்டில் நின்றது. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்து கிளப்பினார். ஒருமுறை ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தபோது, குறைந்திருக்க வேண்டிய ஆயில் கூடியிருந்தது. "நல்லதுதானே, ஆயில் குடிக்கலே" என்று சந்தோஷப்பட்டுவிட்டார்.

சந்தோஷப்படும் விஷயமே இல்லை. பெட்ரோல் பம்புக்குள் டயாஃப்ரம் என்று துணி கலந்த ரப்பர் ஜவ்வு ஒன்று இருக்கிறது. இஞ்சின் சுற்றும்போது ஒரு நெம்புகோல் அதை மேலும் கீழும் அசைக்க, அது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குத் தள்ளும். ஜவ்வு கிழிந்தால் பெட்ரோல் இஞ்சின் ஆயிலுக்குள் இறங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேயும். அதைவிட மோசம், இஞ்சினின் அடித்தொட்டிக்குள் பெட்ரோல் ஆவி நிறையும். ஆயில் கூடியிருந்தால் உடனே முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாசம் அடித்தால் வண்டியைக் கிளப்பவே கூடாது.

இதையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொன்னவர் ராஜபாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அறுபது வயது மெக்கானிக். பழைய ஜீப்புகளிலேயே கை தேய்ந்தவர். வண்டியைக் கிளப்பிக்கொண்டு வரக் கூடாது, டிராக்டரில் கட்டி இழுத்துத்தான் வர வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த வருஷத்துல இருந்து இந்தத் தொந்தரவு?"

"2022 கடைசி, 2023-ன்னு வச்சுக்குங்க."

"சரியாப் போச்சு. அண்ணாச்சி, உங்க வண்டி கெடலே. நீங்க ஊத்துற பெட்ரோல் மாறிப்போச்சு."

சீசாவில் ஒரு சோதனை

மெக்கானிக் வாதம் செய்யவில்லை. அளவுக் கோடு போட்ட கண்ணாடி சீசா ஒன்றை எடுத்தார். 10 மில்லி தண்ணீர் ஊற்றினார். அதன் மேல் ஜீப்பிலிருந்து எடுத்த பெட்ரோல் 100 மில்லி. மூடிக் குலுக்கிவிட்டு, மர ஸ்டூலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டும் பிரிந்தன. மேலே பெட்ரோல், கீழே தண்ணீர். ஆனால் கீழே இருந்த தண்ணீர் 10 மில்லியாக இல்லை. ஏறக்குறைய 30 மில்லி கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"தண்ணி எப்படிய்யா கூடுச்சு?"

"கூடினது தண்ணி இல்ல. பெட்ரோல்ல கலந்திருந்த எத்தனால் தண்ணியோட சேந்துக்கிட்டுக் கீழ வந்திருச்சு. நூறுல இருபது."

நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது 2022 ஜூனில் 10 சதவிகிதத்தை எட்டியது. 20 சதவிகிதம் கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று அறிமுகமானது. 2030-க்குள் என்று முதலில் வைத்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-லேயே 20 சதவிகிதத்தைத் தொட்டுவிட்டார்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலும் பங்க்கில் கிடைக்க வேண்டும் என்று கேட்டுப் போடப்பட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. ஆகவே, பழைய வண்டிக்குப் பழைய பெட்ரோல் வேண்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வண்டியைத்தான் பெட்ரோலுக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும்.

எத்தனால் என்பது சாராயம். அதற்கு மூன்று குணம் உண்டு. முதலாவது, தண்ணீரை இழுக்கும். டேங்கில் காலியிடம் இருந்தால் காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். ஓரளவு தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்திருக்கும். அளவு மீறினால் சீசாவில் பார்த்தது போலத் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தங்கிவிடும். இஞ்சின் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான். தகர டேங்க் அங்கே துருப்பிடிக்கும்.

இரண்டாவது, கரைக்கும். ஐம்பது வருஷமாக டேங்க் சுவரில் படிந்த பிசினையும் துருவையும் கிளப்பிக்கொண்டு வந்து ஃபில்டரிலும் கார்புரேட்டரின் ஜெட்டிலும் அடைக்கும். இந்த இடத்தில் மெக்கானிக் ஒரு நல்ல விளக்கம் சொன்னார். அந்தக் காலத்தில் கேஸ்கட்டுகளுக்கு ஷெல்லாக், அதாவது அரக்கு தடவித்தான் ஒட்டுவார்கள். பெட்ரோலுக்கு அரக்கு அசையாது. ஆனால் தச்சர்கள் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில். "அந்த ஸ்பிரிட்டைத்தான் இப்ப பெட்ரோலோட சேத்து டேங்க்ல ஊத்துறீங்க. ஒட்டு எப்படி நிக்கும்?"

மூன்றாவது, பழைய வகை ரப்பரை ஊற வைக்கும். ஊறிய ரப்பர் வண்டி நிற்கும் நாட்களில் காய்ந்து வெடிக்கும். தினமும் ஓடும் வண்டியைவிட, வாரக் கணக்கில் நின்று ஓடும் வண்டிக்குத்தான் இதனால் சேதம் அதிகம். விவசாயி வீட்டு வண்டியும் கருவிகளும் பெரும்பாலும் அப்படி நிற்பவைதானே.

மைலேஜும் குறைந்திருந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்குச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் இ-20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. இந்த ஜீப்போ எந்தச் சரிசெய்தலும் பார்க்காத வண்டி.

இதையெல்லாம் கேட்ட விவசாயி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்துவிட்டார். காரணம் இருக்கிறது. அவர் மானாவாரியில் போடுவது மக்காச்சோளம். 2018-ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்று தீர்த்தபோது, இனிமேல் இந்தப் பயிரே வேண்டாம் என்றிருந்தவர். மறுபடி போட ஆரம்பித்ததே விலை கொஞ்சம் தேறியதால்தான். தமிழ்நாட்டு மக்காச்சோளம் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத்தான் பெரும்பாலும் போகிறது என்றாலும், நாடு முழுக்க எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்கியதில் அதற்கு ஒரு கிராக்கி வந்தது. ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். 2023-24 பருவத்தில் மக்காச்சோள எத்தனாலுக்கு அரசு வைத்த கொள்முதல் விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு.

"அப்ப நான் வெளைய வச்சதுதான் எங்கய்யா வண்டியை அரிக்குதா?"

"உங்க சோளம் கோழிக்குப் போயிருக்கும், கவலைப்படாதீங்க" என்றார் மெக்கானிக்.

எத்தனால் திட்டத்தைத் திட்டவும் அவரால் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை. விவசாயிகளில் நிறையப் பேர் நிலைமை இன்று இதுதான். சந்தைக்குப் போகும்போது ஒரு நியாயம், பங்க்குக்குப் போகும்போது ஒரு நியாயம்.

டேங்கும் வெல்டிங்கும்

பலரும் சொன்ன யோசனை, பெட்ரோல் இஞ்சினை இறக்கிவிட்டு டீசல் இஞ்சின் ஏற்றுவது. தமிழ்நாட்டில் பழைய பெட்ரோல் ஜீப்புகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் மாறியிருக்கும் போலத் தோன்றுகிறது. ஆனால் இன்றைக்கு அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறைப்படி பதிவு செய்து முடிப்பதற்குள் ஒரு போகம் போய்விடும். வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அதனால் இஞ்சினைத் தொடாமல், பெட்ரோல் போகும் பாதை முழுவதையும் மாற்றுவது என்று முடிவானது. மெக்கானிக் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஒன்றை மாற்றி ஒன்றை விடக் கூடாது. டேங்க் மூடியில் இருக்கும் வாஷரிலிருந்து கார்புரேட்டர் ஊசி வரை எல்லாம் ஒரே தடவையில். "மூணு வருஷமா நீங்க ஓட்டையை அடைக்கலே, நகத்திக்கிட்டே வந்திருக்கீங்க."

டேங்கைக் கழற்றியபோதுதான் சொட்டிய இடம் தெரிந்தது. அடிப்பக்கத் தையலோரம், துரு தின்ற ஊசிமுனை ஓட்டைகள். புது டேங்க் செய்யச் செலவாகுமே என்று, விவசாயி அதை இரு சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பினார். பட்டறைக்காரர், "தண்ணி ஊத்திக் கழுவிட்டீங்கல்ல, கொண்டாங்க, பத்து நிமிஷ வேலை" என்று சொல்லியிருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மனைவி வீட்டில் இருந்தார். வாசலில் மறித்துவிட்டார்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"பத்த வைக்க."

"பெட்ரோல் டேங்கையா?"

"வெறும் டேங்க், புள்ள. கழுவியாச்சு."

"எங்க அண்ணன் வேல பாத்த மருந்து ரூமும் கழுவின ரூமுதான்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அவருடைய அண்ணன் மருந்து கலக்கும் வேலையில் இருந்து, கையும் முகமும் வெந்து, பிழைத்து, இப்போது ஆடு மேய்க்கிறார். பட்டாசு ஆலையில் எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று, கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது என்பது. ஈரம் பட்ட மருந்துக்குள் அலுமினியத் தூள் சூடேறித் தானாகவே பற்றும். வேலை முடிந்த அறை, கூட்டிப் பெருக்கிய தரை, காலிச் சட்டி - விபத்து இவற்றிலும் நடக்கும்.

பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. திரவம் எரிவதற்குக் காற்று வேண்டும். நிறைந்த டேங்கில் காற்று இல்லை. காலி டேங்கிலோ பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்கு ஆவி இருந்தாலே வெடிக்கப் போதும். தகரத்தின் தையலுக்குள்ளும் துருவுக்குள்ளும் ஊறியிருக்கும் பெட்ரோல், தண்ணீர் விட்டு அலசினால் போகாது. வெல்டிங் சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வரும். பழைய பெட்ரோல் டேங்கை வெல்டிங் வைக்கப் போய்க் கண்ணையும் உயிரையும் விட்டவர்கள் உண்டு. பத்து நிமிஷ வேலை என்று சொல்லும் எந்தப் பட்டறையிலும் கொடுக்க வேண்டாம். மருந்து தெளிப்பானின் டேங்கானாலும் சரி, மோட்டார் சைக்கிள் டேங்கானாலும் சரி.

டேங்க் அன்று வீட்டை விட்டுப் போகவில்லை.

புது டேங்க் மதுரையில் செய்தார்கள். முதலில் ஜி.ஐ. தகட்டில் செய்வதாகப் பேச்சு. துருப்பிடிக்காமல் இருக்க அந்தத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசியிருக்கும். எத்தனாலும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சையே அரித்து வெள்ளைத் தூளாக்கிவிடும் என்று மெக்கானிக் மறுத்துவிட்டார். கடைசியில் எவர்சில்வர் தகட்டில் செய்தார்கள். பழைய டேங்கையே மாதிரியாகக் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று. சீட்டுக்குக் கீழே அரை அங்குலம் கூடினாலும் உட்காராது. வீட்டுக்கு வந்த டேங்கை மனைவி விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "குடம் மாதிரில்ல இருக்கு" என்றார். அந்த ஆனி மாசத்துக்குப் பிறகு ஜீப்பைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

வேப்பமரத்தடி வேலை

உதிரி பாகம் தேடுவதில் மூன்று வாரம் போனது. பம்புக்கு டயாஃப்ரம், கார்புரேட்டருக்குக் கேஸ்கட் செட்டும் ஊசி வால்வும் சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து லாரி சர்வீஸில் வந்தன. இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய வண்டி என்பதற்காகப் பழைய ஸ்டாக்கை வாங்கக் கூடாது. இருபது வருஷம் டப்பாவில் கிடந்த டயாஃப்ரம் புதிதாகத் தெரியும். ரப்பர் பழைய ரப்பர்தான். எத்தனாலுக்குத் தாங்கும் என்று கேட்டு வாங்க வேண்டும். ஹோஸிலும் அப்படியே. சாதாரண ஹோஸைவிட உள்பக்கம் விட்டான் ரப்பர் பூசிய ஹோஸ் விலை பல மடங்கு. ஆனால் வேண்டியது இரண்டு முழம்கூட இல்லை.

வேலையை ஷெட்டுக்குள் செய்யவில்லை. வேப்பமரத்தடியில், காற்றோட்டமான இடத்தில் செய்தார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தங்கும். ஷெட்டுக் குழியில் தங்கிய ஆவி, அடுத்த அறையில் எரியும் அடுப்பைக்கூடத் தேடிப்போய்ப் பற்றும். முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார்கள். ஒரு பவுடர் தீயணைப்பானும் இரண்டு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில். மணல் வாளி மனைவியின் ஏற்பாடு. மெக்கானிக்கின் உதவிப் பையன் பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்துத் திண்ணையில் வைக்கச் சொன்னதும் அவர்தான். "அக்கா இருக்கிற எடத்துல எனக்கு வேலையே இல்ல, போர்மேன் வேல முழுக்க அவங்களே பாக்குறாங்க" என்று மெக்கானிக் அலுத்துக்கொண்டாலும், சொன்னதையெல்லாம் கேட்டார்.

டேங்கிலிருந்து பம்ப் வரை சேஸிஸ் ஓரமாகப் போகும் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புது உருக்குக் குழாய் வளைத்துப் போட்டார்கள். சேஸிஸ் ஓரிடத்தில் நிற்கும், இஞ்சின் அதிரும். இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு சாண் ரப்பர் ஹோஸ். மற்ற இடமெல்லாம் இரும்பு. ரப்பர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பம்பைப் பிரித்தபோது பழைய டயாஃப்ரம் நடுவில் நகம் நுழையும் அளவுக்குக் கிழிசல். அடியில் மண்டி தங்கும் கண்ணாடிக் கிண்ணத்தின் கார்க் வாஷர் கையில் எடுத்ததுமே பொடிந்தது. கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் வெள்ளைப் புட்டு போலத் துகள். கழுவி, ஜெட்டுகளைக் காற்றால் ஊதி, மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரியதாக மாற்றினார்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை மெலிந்து, இஞ்சின் சூடேறி இழுவை குறையும். புது வண்டிகளில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். இதற்கு ஸ்பேனர்தான். இஞ்சின் ஆயிலையும் வடித்துப் புதிதாக ஊற்றினார்கள். வடித்த ஆயில் தண்ணீராக ஓடியது.

பெட்ரோல் வாங்கி வந்த கேனைத் தரையில் வைத்துத்தான் பங்க்கில் நிரப்பினீர்களா என்று மனைவி கேட்டார். வண்டி சீட்டில் வைத்தபடி கேனில் பிடித்தால் நிலைமின்சாரம் மண்ணுக்கு இறங்க வழியில்லை. நல்ல கேள்விதான். பையன் தரையில் வைத்துத்தான் பிடித்திருந்தான்.

பம்பின் கை நெம்பை முப்பது நாற்பது தடவை அசைத்ததும் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறியது. இஞ்சினைக் கிளப்பாமல் அப்படியே அரை மணி நேரம் விட்டார்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் பழைய செய்தித்தாள் துண்டு. கார்புரேட்டர் இணைப்புக்குக் கீழே வைத்த தாளில் மட்டும் ஒரு பைசா அளவுக்கு ஈரம். இறுக்கினார்கள். மறுபடி அரை மணி நேரம். தாள் காய்ந்தே இருந்தது. அப்புறம்தான் சாவி.

மொத்தச் செலவு, மூன்று ஏக்கர் மக்காச்சோளத்துக்கு அடியுரம் போடுகிற அளவு. மூன்று வருஷமாக ஒட்டுப் போட்டதற்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் வரும் என்று விவசாயியே சொல்கிறார்.

பட்டறையிலிருந்து போகும்முன் மெக்கானிக்கிடம் அவர் கேட்ட கேள்வியைப் பல விவசாயிகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "வீட்டுல பெட்ரோல் ஸ்பிரேயர் ஒண்ணு, களை வெட்டுற மிஷின் ஒண்ணு, பழைய மொபெட் ஒண்ணு கிடக்கு. அதெல்லாம்?" அவற்றுக்கும் இதே கதைதான் என்றாலும், செலவு இவ்வளவு வராது. சீசன் முடிந்து மூலையில் வைக்கும்போது டேங்கில் பெட்ரோலை விட்டு வைக்கக் கூடாது. வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதும் தீரும் வரை இஞ்சினை ஓட்டித் தானாக நின்றபின் வைக்க வேண்டும். அடுத்த சீசனுக்குப் புதுப் பெட்ரோல். ஆயில் கலந்து போடும் டூ-ஸ்ட்ரோக் கருவியில், மாசக் கணக்கில் கலந்து வைத்ததை ஊற்ற வேண்டாம். அன்றன்றைக்கு வேண்டியதைக் கலந்தால் போதும். ஹோஸ் கடினமாகவோ பிசுபிசுப்பாகவோ ஆகிவிட்டால், கசியும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடலாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இ-20 தாங்கும் ரப்பரே இருக்கும். கவலை அதற்கு முந்தியவற்றுக்குத்தான். முகப்பில் அல்லது மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும்.

ஜீப் ஓடத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியும் மனைவி ஏறவில்லை. தினமும் காலையில் வண்டி நின்ற இடத்தில் குனிந்து தரையைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் ஆலை வேனுக்கு நடந்துவிடுவார். விவசாயியும் கூப்பிடவில்லை. ஐப்பசி முதல் மழையில் விதைப்புக்கு ஆள் கூட்டிப்போக வேண்டியிருந்த ஒரு நாள், அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகனைக் கூப்பிட்டு, வெள்ளை பெயின்ட் வாங்கிவரச் சொன்னார். பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறை வாசலிலும் பலகை எழுதியிருக்கும்: அறை எண், எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம். அதே மாதிரி ஜீப்பின் டேஷ்போர்டில் அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதினான்.

ஆட்கள்: 6. ஹோஸ் மாற்றிய தேதி. அடுத்து மாற்ற வேண்டிய தேதி. கடைசி வரியில், பீடி கூடாது.

பெயின்ட் காய்ந்ததும் விதைப் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.